கம்பத்து உச்சியில் ஒரு பெட்டி

அக்டோபர் 3, புதன்

தவறு என்னுடையதுதான். டிரான்சிஸ்டரோடு வரும் விவரத்தாளில் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. உள்ளே வரும் சிக்னலை எப்படிக் கொடுத்தால் அது அதிகமாகப் பெருகி வெளியே வரும் என்று சொல்வது முதல் அட்டவணை. எப்படிக் கொடுத்தால் டிரான்சிஸ்டர் தன் சொந்த இரைச்சலை மிகக் குறைவாகச் சேர்க்கும் என்று சொல்வது இரண்டாவது. இரண்டும் ஒன்றல்ல. மூன்று வாரமாக நான் முதல் அட்டவணையை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறேன். சுருள் சுற்றி, செம்புத் தகட்டை வெட்டி, பற்றவைத்து, தகரப் பெட்டியும் மடித்து முடித்த பிறகு, இன்று மாலை மின்னணுவியல் வகுப்பில் மேடம் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். "இது நல்லா கத்தும். ஆனா நல்லா கேக்காது" என்றார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மேடத்துக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். திட்டவும் மாட்டார், தேற்றவும் மாட்டார். பக்கத்து மேசையில் இருந்தவர்தான் சிரித்தார். பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். வகுப்பில் எல்லாரும் அவரை 'லிஃப்ட்' என்றே கூப்பிடுகிறார்கள், எனக்கு மட்டும் அண்ணா. "விடும்மா, என்னோடது கத்தவும் இல்ல, கேக்கவும் இல்ல. சும்மா சூடாகுது" என்று தன் சர்க்யூட் பலகையைத் தொட்டுக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். கால் பவர் பிசகினாலும் அடுத்த நாளே தலைவலி என்று ஆள் வந்து நிற்பார்கள். தாளைப் படித்து அதன்படி செய்வது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை. அதிலேயே கோட்டை விட்டிருக்கிறேன்.

எதற்காக இந்தப் பெட்டி என்பதையும் எழுதிவைக்கிறேன். கணக்கில் மூழ்கிவிட்டால் எனக்கே மறந்துபோகிறது.

நான் தங்கியிருப்பது சித்தி வீட்டில், அம்மாவின் தங்கை. சித்தி நீரேற்று நிலையத்தில் அளவு பார்க்கும் வேலையில் இருக்கிறாள். ஆற்றின் மேல்பக்கம், காட்டைத் தாண்டி ஒரு தடுப்பணை. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அங்கே ஒரு கருவி அளந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ரேடியோ வழியாக ஓர் எண்ணை அனுப்புகிறது. நிலையத்தின் கூரையில் கம்பம், கம்பத்தில் ஆன்டெனா, அதிலிருந்து முப்பது மீட்டர் கேபிள் இறங்கிக் கீழே கட்டுப்பாட்டு அறைக்கு வருகிறது. வெயில் காலத்தில் எண் தவறாமல் வரும். மழை பெய்தால் ஆற்றோரத்து மரமெல்லாம் நனைந்து, ஈர இலைகள் சிக்னலைக் குடித்துவிடுகின்றன. மிஞ்சி வருவதிலும் பத்தில் ஒன்பது பங்கு அந்தக் கேபிளில் இறங்குவதற்குள் கரைந்துவிடும். அறைக்கு வந்து சேர்வது வெறும் 'உஸ்' சத்தம்தான். தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று தெரிய வேண்டிய நாளில்தான் தெரியாது. அப்போதெல்லாம் சித்தி ஸ்கூட்டரில் கரையோரமாகப் போய், அணையின் படிகளில் இறங்கி, சுவரில் வரைந்திருக்கும் அளவை டார்ச் அடித்துப் பார்த்து, கையடக்க வயர்லெஸ் செட்டில் சொல்வாள். போன மழையில் அந்தப் படியில் வழுக்கி விழுந்தாள். கைப்பிடியைப் பிடித்ததால் தப்பித்தாள். இடது தோள் இன்றும் முழுதாக உயராது. துணி உலர்த்தும்போது என்னைக் கூப்பிடுவாள், வேறு காரணம் சொல்லி.

இந்த ஆண்டு அலுவலகத்தில் புது உத்தரவு. நவம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து மழை முடியும்வரை, ரேடியோவை நம்ப முடியாவிட்டால், ஒருவர் தடுப்பணைக் கொட்டகையிலேயே இருந்து மணிக்கு ஒரு முறை படியிறங்கி அளவு பார்க்க வேண்டும். இராத்திரியும்தான். அந்த 'ஒருவர்' சித்தி. மற்றவர்கள் மோட்டார் ஓட்டுகிறவர்கள், இடத்தை விட்டு நகர முடியாது. புதுக் கருவி வாங்குவது அடுத்த ஆண்டுதான் என்று இளம்பொறியாளர் கையை விரித்துவிட்டார். கேபிளில் கரைவதற்கு முன்பே, கம்பத்து உச்சியிலேயே சிக்னலைப் பெருக்கிவிட்டால் போதும் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "ஒரு மழைக்குத் தாக்குப் பிடிச்சா பாக்கலாம். அதுவும் ஒண்ணாந்தேதிக்கு முன்னாடி" என்றார்.

சித்தியிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது தன் வேலை போய்விடுமா என்று. எண்ணைப் பார்த்து எழுத அறையில் ஆள் வேண்டும், அது நீதான் என்று பொறியாளர் சொன்னதைச் சொன்னேன். அதன் பிறகுதான் பெட்டியைப் பற்றிக் கேட்டாள். "எனக்காகப் பண்றேன்னு சொல்லாதடி. மார்க்குக்காகப் பண்றேன்னு சொல்லு. அப்பதான் ஒழுங்கா பண்ணுவே."

வகுப்பிலும் இதுதான் என் செய்முறைத் திட்டம். பெட்டி சேர்க்கும் சொந்த இரைச்சல் முக்கால் டெசிபலுக்குக் கீழே இருந்தால் முதல் தகுதி. ஆக, இரண்டுக்கும் ஒரே பெட்டி.

அக்டோபர் 7, ஞாயிறு

இரண்டாவது அட்டவணையின்படி உள்ளீட்டுச் சுருளை மாற்றிச் சுற்றினேன். சிக்னல் முழுமையாக உள்ளே போகாதபடி, தெரிந்தே கொஞ்சம் பொருந்தாமல் வைக்க வேண்டியிருந்தது. வருவதில் ஒரு பங்கு திரும்பிப் போனாலும் பரவாயில்லை, டிரான்சிஸ்டர் அமைதியாக இருக்க வேண்டும். என் கைக்கு இது ஒத்துவரவில்லை. எதையும் பொருத்திப் பொருத்திப் பழகியவள், வேண்டுமென்றே விலக்கி வைப்பதற்கு நான்கு முறை கணக்கைச் சரிபார்த்தேன். டிரான்சிஸ்டர் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் வைக்க வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரமே அதைக் கொன்றுவிடும் என்பதால் மணிக்கட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். சித்தி எட்டிப் பார்த்து, "யாரு கட்டிப் போட்டாங்க உன்னை?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இரைச்சலை அளக்கும் கருவி வகுப்பில் ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு வரிசை. அதனால் வீட்டிலேயே அளந்தேன். எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப ரேடியோவில் மெல்ல இரைந்துகொண்டே இருக்கும், அரிசி மணி அளவுள்ள மின்தடை கூட. அதைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் கொஞ்சம் அதிகம் இரையும், ஐஸ் தண்ணீரில் வைத்தால் கொஞ்சம் குறைவு. அந்தச் சின்ன வித்தியாசம் பெட்டியின் மறுபக்கம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ, பெட்டி அவ்வளவு அமைதியானது. மின்தடையைக் கேபிள் நுனியில் பற்றவைத்து, தண்ணீர் புகாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி, அடுப்படியில் இரண்டு பாத்திரங்கள் வைத்தேன். அடுப்பை மூட்டி அணைக்கும் பொறுப்பு சித்திக்கு. நான் லேப்டாப்பில் எண்களைப் பார்த்து எழுத வேண்டும்.

சூடு, குளிர், சூடு, குளிர் என்று மாற்றிக்கொண்டே இருந்தோம். நாலாவது தடவை சித்தி பாத்திரத்துக்குள் கரண்டியை விட்டு எட்டிப் பார்த்தாள். "வெந்துடுச்சு போலிருக்கே. உப்புப் போடட்டுமா?" நான் சராசரியை எடுத்துக்கொண்டிருந்தேன். அரை டெசிபல் என்று வந்தது. நம்ப முடியாமல் மறுபடி செய்தேன். அரைக்குக் கொஞ்சம் மேலே. சித்தி என் முகத்தைப் பார்த்து, நல்ல சேதியா என்று கேட்டாள். அளவில் எங்காவது தப்பு இருக்கலாம் என்றேன். "நல்லது நடந்தாக்கூட நம்ப மாட்டியே, உங்கம்மா மாதிரி" என்று ஐஸ் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டாள்.

அக்டோபர் 14, ஞாயிறு

இன்று பெட்டியைக் கம்பத்தில் ஏற்றினோம். ஒரு மணி நேரம் வேலை செய்தது. பிறகு செத்துவிட்டது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மோட்டார் ஓட்டும் ஒருவர் ஏணி பிடித்தார். நான் ஆன்டெனாவுக்கு ஒரு முழம் கீழே பெட்டியைக் கட்டினேன். பெட்டிக்கு வேண்டிய மின்சாரம் அதே கேபிளிலேயே மேலே போகும்படி செய்திருக்கிறேன். கீழே வந்து ரிசீவரைப் போட்டதும் ஸ்பீக்கரில் 'உஸ்' சத்தம் சட்டென்று உயர்ந்தது. அதுதான் நல்ல அறிகுறி. பெட்டி உயிரோடு இருந்தால் வானத்தின் இரைச்சலும் மரங்களின் இரைச்சலும் பெருகிக் கீழே வரும். பத்து நிமிடத்தில் தடுப்பணையின் எண் வந்தது. இதற்கு முன்பு திரையில் புல் மாதிரி முளைத்த கோடு, இப்போது தென்னை மாதிரி நின்றது. அடுத்த எண்ணும் அப்படியே. அதற்கடுத்ததும். அறையில் இருந்த மோட்டார்காரர் திரையைத் தட்டிப் பார்த்தார், ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்தவர் போல.

சித்தி கூரையிலேயே இருந்தாள். கேபிளைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டுகிற வேலையை, ஒற்றைக் கையால், தானே முடிப்பதாகச் சொல்லியிருந்தாள். முடித்துவிட்டுக் கம்பத்தடியில் நின்றபடி வயர்லெஸ் செட்டை அழுத்தியிருக்கிறாள். அறையில் இருந்த செட்டில் அவள் குரல் வந்தது. "மேல இருந்து பேசறேன். கட்டி முடிச்சாச்சு. எண் வருதா?" நான் வருகிறது என்று சொல்லத் திரும்பினேன். ஸ்பீக்கரில் 'உஸ்' அடங்கியிருந்தது. அந்த அமைதி என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு இணைப்பையும் அசைத்து, மின்சாரத்தை அளந்து, மறுபடியும் ஏணி ஏறி, பெட்டியைத் திறந்து மூடினேன். எண் வரவில்லை.

என் பற்றவைப்புதான் விட்டிருக்கும் என்று எல்லாரிடமும் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 17, புதன்

பற்றவைப்பு விடவில்லை. லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். டிரான்சிஸ்டரில் சிக்னல் நுழையும் வாசல் எரிந்து, உள்ளே ஒட்டிப் போயிருக்கிறது. அத்தனை சின்னப் பொருள், எரிந்ததற்குக் கறுப்பு கூட இல்லை. கையில் இனி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. புதிதாக வரவழைத்தால் ஒன்றாம் தேதி தாண்டிவிடும்.

வகுப்பில் லிஃப்ட் அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடி, மின்னல், மின்சாரக் கோளாறு என்று நான் போட்டுவைத்திருந்த காரணங்களை அவர் காதில் வாங்கவே இல்லை. தன் பலகையில் ஊதிக்கொண்டே கேட்டார்: "லிஃப்ட் நின்னு போச்சுன்னா நாங்க முதல்ல கேக்கறது ஒண்ணுதான். கடைசியா யாரு எந்தப் பட்டனை அமுக்கினாங்க?"

சித்தி அமுக்கினாள்.

கம்பத்தடியில் நின்று, ஆன்டெனாவுக்கு இரண்டு ஆள் உயரம் கீழே, ஐந்து வாட் செட்டை அழுத்தினாள். தடுப்பணையிலிருந்து காட்டைக் கடந்து வருவதைக் கேட்பதற்காகச் செய்த பெட்டி அது. அதன் காதோடு வாய் வைத்துக் கூப்பிட்ட மாதிரி. செட்டின் அலைவரிசை வேறு என்பதால் நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆனால் எரிப்பதற்கு அலைவரிசை பொருந்த வேண்டியதில்லை. மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, முன்னால் ஒரு வடிகட்டி போட்டால் செட்டின் அலை உள்ளே வராது, இரண்டு டையோடு வைத்தால் மிச்சத்தையும் அவை தாங்கிக்கொள்ளும் என்றார். "ஆனா முன்னாடி என்ன போட்டாலும் அதோட இழப்பு அப்படியே உன் இரைச்சல்ல சேரும். உன் அரை டெசிபல் போயிடும், தெரியுமில்ல?"

தெரியும். பின்னால் எங்கே இழந்தாலும் ஈடு செய்யலாம். முதலில் இழந்ததை எதைக் கொண்டும் திருப்ப முடியாது. முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிய கணக்கு அது.

அக்டோபர் 20, சனி

சித்தியிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். யாரும் கம்பத்தடியில் செட்டை அமுக்கக் கூடாது என்று பொதுவாக ஓர் அட்டை எழுதி மாட்டிவிட்டால், பழைய பெட்டியை அப்படியே மறுபடி செய்துவிடலாம், அரை டெசிபலும் நிற்கும், மார்க்கும் நிற்கும் என்று இரண்டு நாள் கணக்குப் போட்டேன். அட்டையைக் கூட எழுதிவிட்டேன்.

இன்று காலை சித்தி அதைப் பார்த்துவிட்டாள். இரண்டு தடவை வாசித்தாள். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "அப்ப நான்தானா?" என்று மட்டும் கேட்டாள். நான் ஆரம்பித்த ஏதோ ஒரு வாக்கியத்தை முடிக்க விடாமல், "நான் வாயைத் திறந்தாலே ஏதாவது கெட்டுப்போகும்னு உங்க சித்தப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. அவரு போன பிறகு ஒரு ஆதாரம் கிடைச்சிருக்கு" என்று சிரித்தாள். சிரித்துவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள், தட்டு இரண்டுதான்.

பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அட்டையை என் முன்னால் வைத்தாள்.

"மழை நாள்ல அங்க என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாது. கூரை ஒழுகும். மேல அடைப்பு எடுக்க ஆள் ஏறும். ஏறினவன் கீழ இருக்கறவனைக் கூப்பிடுவான். எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. அப்ப போயி உன் அட்டையை எவன் படிப்பான்? நாங்க கத்தினா சாகற பெட்டி எங்களுக்கு எதுக்குடி?"

வாடிக்கையாளர் ஒருவர் நினைவுக்கு வந்தார். மிக மெல்லிய லென்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவருக்கு வேலை பட்டறையில், கண்ணுக்கு நேரே இரும்புத் தூள் பறக்கும். மெல்லியது கொடுத்தால் அழகாக இருந்திருக்கும். நான்தான் மாட்டேன் என்று நின்றேன். அவரிடம் அவ்வளவு உறுதியாகப் பேசியவள், என் பெட்டிக்கு மட்டும் அட்டை எழுதியிருக்கிறேன்.

அட்டையைக் கிழித்துப் போட்டேன். வடிகட்டிக்குக் கணக்கு ஆரம்பித்தேன். செட்டின் அலைவரிசை எங்களுடையதைவிட வெகுகீழே இருப்பது ஒரு வசதி. இரண்டு கெப்பாசிட்டர், நடுவே ஒரு சுருள், அவ்வளவு போதும். மெல்லிய கம்பியில் சுற்றினால் இழப்பு கூடும் என்பதால் தடித்த செம்புக் கம்பியை எடுத்து, துளைக்கருவியின் தண்டில் சுற்றினேன். முதல் சுருள் கோணிவிட்டது. இரண்டாவதும். ஐந்தாவதைத்தான் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 28, ஞாயிறு

கடைசி டிரான்சிஸ்டரை வியாழனன்று வைத்தேன். அன்று காலையிலிருந்து காப்பி குடிக்கவில்லை, கை நடுங்கக் கூடாதென்று. வெள்ளிக்கிழமை வகுப்புக் கருவியில் வைத்துப் பார்த்தபோது புள்ளி ஒன்பது டெசிபல் வந்தது, அதாவது ஒரு டெசிபலுக்குப் பத்தில் ஒரு பங்கு குறைவு. முக்காலுக்குக் கீழே இல்லாததால் முதல் தகுதி போய்விட்டது. மேடம் அந்த எண்ணை அப்படியே குறித்துக்கொண்டார். எதற்காக வடிகட்டி என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் மதிப்பெண் விதி அவர் வகுத்ததல்ல, மாற்ற முடியாது. "மாத்த முடிஞ்சாலும் மாத்த மாட்டேன். எண் எண்தான்" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்று மறுபடி கம்பம். மாட்டியதும் 'உஸ்' எழுந்தது. எண் வந்தது, போன தடவையைவிட மயிரிழை தாழ்வாக. இனி ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. அதைச் செய்யாமல் தள்ளிப்போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. டிரான்சிஸ்டர் வேறு இல்லை. இன்று செத்தால் கதை முடிந்தது. ஆனால் மழையில் சாவதைவிட இன்று செத்தால் குறைந்தபட்சம் எனக்குத் தெரியும். சித்தியிடம் செட்டைக் கொடுத்து, கூரைக்குப் போய்க் கம்பத்தடியில் நின்று, நான் போதும் என்று சொல்லும்வரை பேசச் சொன்னேன்.

"வீட்ல பேசினா வாயை மூடுங்கறே. இங்க வந்து பேசுங்கறே" என்று படியேறிப் போனாள்.

நான் திரையின் முன் உட்கார்ந்தேன். 'உஸ்' சத்தத்தின் அளவு ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அது விழுந்தால் எல்லாம் விழுந்தது. செட்டில் சித்தியின் குரல் வந்தது. பேசச் சொன்னதும் அவளுக்குப் பேச்சே வரவில்லை. ஹலோ, ஹலோ என்றாள். ஒன்று இரண்டு எண்ணினாள். கோடு லேசாக நடுங்கி, மறுபடி நேரானது. கூரையிலிருந்து தெரிவதைச் சொல்ல ஆரம்பித்தாள்: தொட்டிக்குப் பக்கத்தில் யாருடைய சட்டையோ காய்கிறது, மூன்றாவது மோட்டார் அறையின் கண்ணாடி உடைந்திருக்கிறது, அதைப் போன மாதமே சொல்லியாயிற்று. இடையில் அவள் பட்டனை விட்டபோது ஒரு மோட்டார்காரர் புகுந்து, "என்னக்கா, செய்தி வாசிக்கறீங்களா? விளையாட்டுச் செய்தி எப்போ?" என்று கேட்டார். இன்னொருவர் சிரித்தார். நிலையத்தில் செட் வைத்திருக்கும் எல்லாரும் ஒரே அலைவரிசையில்தான் இருக்கிறார்கள். பொறியாளரின் மேசையிலும் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் வந்திருந்தார்.

சித்தி மறுபடி பட்டனை அழுத்தினாள். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இங்க இருந்து பாத்தா ஆறு தெரியுது. அணை தெரியல, மரம் மறைக்குது. போன மழையில அந்தப் படியில விழுந்தேன்ல. அதுக்கப்புறம் எனக்கு நின்னுக்கிட்டு எறங்க முடியல. தண்ணி சத்தம் கேட்டாலே கால் நிக்க மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் உக்காந்து உக்காந்துதான் எறங்கினேன், தவழற குழந்தை மாதிரி. டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு. மேல ஏறறதும் அப்படித்தான். அளவெல்லாம் சரியாத்தான் சொன்னேன். ஒண்ணு கூடத் தப்பில்ல. பயமா இருந்துச்சு, அவ்வளவுதான். இன்னும் பேசணுமா?"

கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. போதும் என்று சொல்ல நான் செட்டை எடுக்க வேண்டும். எடுத்தேன், அழுத்த முடியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறேன். துணி உலர்த்த என்னை அவள் கூப்பிடும் காரணம் எனக்குத் தெரியும் என்று பெருமையாக இருந்தேன். இது எனக்குத் தெரியாது.

சித்தி பட்டனை விட்டாள். பிறகு யாரோ பட்டனை இரண்டு முறை அழுத்தி விட்டார்கள். டக், டக். பேச்சுக்கு இடமில்லாதபோது 'கேட்டேன்' என்று சொல்ல நிலையத்துக்காரர்களின் வழக்கம் அது. இன்னோர் இடத்திலிருந்து டக், டக். பிறகு இன்னொன்று. நானும் இரண்டு முறை அழுத்தினேன்.

அடுத்த பத்தாவது நிமிடத்தில் தடுப்பணையின் எண் வந்தது. பெட்டி உயிரோடு இருக்கிறது.

அக்டோபர் 30, செவ்வாய்

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. கடையில் முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பினேன். நிலையத்துக்குள் நுழைந்தபோது மூன்று மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்தன, தரை அதிர்ந்தது. கட்டுப்பாட்டு அறையில் சித்தி முக்காலியில் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, கழுத்தில் டார்ச். எண் வந்துகொண்டிருக்கும்போது எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். "வர்ற வரைக்கும் வரும்" என்றாள்.

மதியத்திலிருந்து வந்த எண்களைப் பார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை. போன மழையில் இந்நேரம் வெறும் 'உஸ்'தான். இப்போது கோடு முன்பு போல நெட்டையாக இல்லை, ஈர இலைகள் அதைப் பாதியாக்கியிருந்தன. ஆனால் இரைச்சலுக்கு மேலே தலை தெரிந்தது. தண்ணீர் ஒவ்வோர் எண்ணுக்கும் விரற்கடை ஏறிக்கொண்டிருந்தது. கூரையில் இரண்டு பேர் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தி சொன்ன மாதிரியே செட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வார்த்தைகளில் பாதி இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு கத்தலுக்கும் கோடு நடுங்கி நிமிர்ந்தது.

பொறியாளர் வந்து பதிவேட்டைப் புரட்டினார். விடியும்வரை பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார். போகும்போது சித்தியிடம் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இதற்கு முன்பு அவர் கேட்டதில்லை. சித்தி தோளைப் பார்த்துக்கொண்டாள், அது அங்கே இருக்கிறதா என்பது போல.

அவர் போன பிறகு வர வேண்டிய எண் வரவில்லை.

நேரம் தாண்டியது. 'உஸ்' அதே அளவில்தான் இருந்தது, பெட்டி சாகவில்லை. மரம் ஏதாவது சாய்ந்திருக்கலாம். அங்கே கருவியே தடுமாறியிருக்கலாம். என் வடிகட்டி தின்ற அந்தச் சொற்பத்தில் இந்த ஓர் எண் போயிருக்கலாம். இதைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். சித்தி பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள். மறைக்கவோ, காலியாக விடவோ இல்லை. எழுந்து மழைக்கோட்டின் பொத்தான்களைப் போட்டாள். மேல் பொத்தானுக்கு இடது கை எட்டவில்லை. நான் போட்டுவிட்டேன். அடுத்த எண்ணையும் பார்த்துவிட்டுப் போ சித்தி என்றேன். அவள் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். வெளியே எதுவும் தெரியவில்லை, தண்ணீர்தான்.

ஸ்பீக்கரில் 'கிர்ர்' என்றது. எண் வந்தது. தலை தெரிந்தது, அவ்வளவுதான், ஆனால் எண் முழுதாக வந்தது. சித்தி நின்ற இடத்திலிருந்தே அதை வாசித்து, வந்து எழுதினாள். பிறகு அதற்கடுத்ததும் வந்தது.

முக்காலியில் உட்கார்ந்து, குனிந்து, வலது கால் பூட்ஸை இழுத்துக் கழற்றினாள். உள்ளே காலுறை சுருண்டிருந்தது, அதைச் சரிசெய்தாள். இடது காலுக்குப் போன கை அங்கேயே நின்றது. திரையைப் பார்த்தாள். அப்படியே, ஒரு காலில் பூட்ஸோடும் ஒரு காலில் காலுறையோடும், பதிவேட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அடுத்த எண்ணுக்காக உட்கார்ந்தாள்.

நாளை: விடிந்ததும் பதிவேட்டில் எத்தனை கட்டத்தில் கோடு விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மழை விட்டால் ஏணி எடுத்து, பெட்டியின் இணைப்பில் சுற்றிய டேப்புக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்த்து, புகுந்திருந்தால் பிரித்து, துடைத்து, மறுபடி கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும்.